பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய டேப்: ஒரு பாட்டு டீச்சரின் அனுபவம்

கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் ஒரு ஊரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் இருக்கும் டேப், அதாவது டேப்லெட், 2019இல் வாங்கியது. 10 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். வாங்கும்போது ஆண்ட்ராய்டு 9 இருந்தது, அப்புறம் 10 வந்தது, கடைசியாக 11. கம்பெனி பெயர் எதற்கு? அந்த விலையில் அப்போது கிடைத்த டேப்களில் பலவற்றுக்குள் இருந்த சரக்கு ஏறக்குறைய இதுதான்.

காலையில் டேப் என் மாமனார் கையில் இருக்கும். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று பார்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். வழக்கமான ஜூன் 12இல் அணை திறக்காமல் ஜூலை 28 வரை தள்ளிப்போன 2024இல், குறுவை என்ன ஆகுமோ என்று மதியமும் ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொள்வார். சாயங்காலம் அது என்னுடையது. ஸ்டாண்டில் வைத்து, ஐந்தரைக் கட்டையில் தம்பூரா ஆப்பை ஓடவிட்டு, மேலே நொடேஷன் பிடிஎஃப்பைத் திறந்துகொள்வேன். சனி, ஞாயிறில் சிங்கப்பூர், துபாய் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பும் இதில்தான்.

9இலும் 10இலும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 11 போட்ட பிறகுதான் எல்லாம் மாறியது. பூட்டைத் திறந்தால் முகப்பு வரவே நேரம் ஆகும். எழுதத் தொட்டால் கீபோர்டு யோசித்துவிட்டு வரும். "என்னம்மா, மேட்டூர் திறக்கவே மாட்டேங்குது" என்பார் மாமனார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சுருதி நின்றுபோவது. வர்ணத்தில் அடுத்த பக்கம் திருப்ப பிடிஎஃப்புக்குப் போவேன், பின்னால் தம்பூரா மௌனமாகிவிடும். பிள்ளைகள் ஒரு வரி சுருதி இல்லாமலே பாடி, இறங்கி, "மிஸ், சுருதி போயிடுச்சு" என்பார்கள். நிற்காத நாட்களில் விக்கும். மற்ற வேலைகளில் டேப் அரை நொடி தயங்கினால் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தம்பூராவில் அரை நொடி விட்டால் ஜண்டை வரிசை படிக்கும் குழந்தைக்குக்கூடக் கேட்டுவிடும்.

நிற்பதும் விக்குவதும் ஒரே நோய் இல்லை என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. எனக்கு அதிகம் உதவியது இந்தப் புரிதல்தான்.

நிற்பதற்குக் காரணம் ராம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் உட்காரும் இடம். புதிய பதிப்பு தனக்கே கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறது. கூடவே வரும் கூகுள் சேவைகளும் ஒவ்வொரு அப்டேட்டிலும் பருக்கின்றன. மிச்சம் இருப்பதில் பிடிஎஃப்பைத் திறந்தால், பின்னால் ஓடுகிற ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடும். பந்தியில் இடம் போதவில்லை என்று பாதிச் சாப்பாட்டில் இருப்பவரை எழுப்பிவிடுவதுபோலத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல், குறைந்த வசதியுள்ள கருவிகளுக்கென்றே செய்த 'கோ' பதிப்புக்கே குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும் என்று கூகுள் வைத்தது. என் டேப்பில் ஓடுவதோ முழுப் பதிப்பு. அதற்கும் அதே 2 ஜிபிதான்.

ராம் மட்டும் காரணமில்லை. பின்னணியில் ஓடும் ஆப்களைக் கட்டுப்படுத்துவதை 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இலேயே தொடங்கிவிட்டார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் அது இறுகியது. கம்பெனிகள் பேட்டரியை மிச்சப்படுத்த என்று தங்கள் பங்குக்கும் ஏதாவது சேர்க்கின்றன. 11 வந்தபோது தம்பூரா ஆப்புக்கு நான் கொடுத்திருந்த விலக்கு போயிருந்தது. பேட்டரி அமைப்புக்குள் போய் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது. இசை, அலாரம், பதிவு என்று பின்னால் ஓடியே ஆக வேண்டிய ஆப் எது வைத்திருந்தாலும், பெரிய அப்டேட் போட்டதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

விக்குவது வேறு கதை. அப்டேட் போட்ட முதல் சில நாட்கள் டேப் உள்ளுக்குள் ஓயாமல் வேலை செய்கிறது. ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மறுபடி தொகுக்கிறது, படங்களை அலசுகிறது, பிளே ஸ்டோர் இருக்கிற ஆப்களையெல்லாம் புதுப்பிக்கிறது. இதில் பெரும்பகுதி, சார்ஜில் போட்டு யாரும் தொடாமல் வைத்திருக்கும் நேரத்தில்தான் நடக்கும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் நிற்கும், கரண்டோடு வைஃபையும் போகும். அதனால் மற்ற ஊர்களில் இரண்டு, மூன்று ராத்திரியில் முடிவது நமக்கு வாரக் கணக்கில் இழுக்கும். அப்டேட் போட்ட மறுநாளே ரீசெட் செய்ய உட்காராதீர்கள்.

அப்புறம் ஸ்டோரேஜ். பிள்ளைகளின் பாடப் பதிவுகள் என் பங்கு. ஆடிப்பெருக்குப் படங்கள், கல்லணை வீடியோக்கள் என வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மாமனார் பங்கு. 32 ஜிபியில் சிஸ்டம் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான். இந்த ரக மெமரி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், ஏனென்றால் புதிதாக எழுதுவதற்குமுன் பழையதை அழித்து இடம் பண்ண வேண்டியிருக்கிறது. முன்பு நெக்ஸஸ் 7 என்று ஒரு டேப் வந்தது. 2012 மாடல். அது நாளாக நாளாக மெதுவாகிறது என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். அழித்த இடத்தை மெமரிக்குத் தெரிவிக்கும் 'டிரிம்' வசதி 2013இல் ஆண்ட்ராய்டு 4.3இல் வந்ததும் பலருக்கு அது தேறியது. பிறகு ஆண்ட்ராய்டு 5 வந்து மறுபடி படுத்துக்கொண்டது. ஒரே டேப்பை ஒரு அப்டேட் தூக்கிவிட, இன்னொன்று கீழே தள்ளியது. அப்டேட் என்றாலே வேகம் குறையும் என்று சொல்ல முடியாது. ஆப்பிளும் 2018இல் ஐஓஎஸ் 12ஐப் பழைய கருவிகளின் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே கொண்டுவந்து, 2013இன் ஐபேட் ஏர் வரைக்கும் கொடுத்தது. மனது வைத்தால் முடிகிறது.

பதிவுகளையெல்லாம் மெமரி கார்டுக்கு மாற்றி, ஏறக்குறைய கால்வாசி இடத்தைக் காலியாக வைத்தேன். விக்கல் நன்றாகக் குறைந்தது. சித்திரை, வைகாசியில் மட்டும் திரும்ப வரும். கத்திரி வெயிலில் கூடத்தில் சார்ஜில் போட்டபடியே சாயங்காலம் முழுக்க ஓடவிட்டால், சூடு ஏறாமல் இருக்க பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது அப்டேட் செய்த வேலை இல்லை. கவரைக் கழற்றிவிட்டு, வகுப்புக்கு முன்பே சார்ஜ் ஏற்றிவைத்தால் போதும்.

கம்பெனிகள் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றனவா? இந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் ஆப்பிளைச் சொல்வார்கள். பேட்டரி தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதைப் பயனர்களிடம் சொல்லாமல் விட்டதற்கு 2020இல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம். ஆனால் அது போன், அதிலும் பேட்டரி விவகாரம். நம் பிரச்சினைக்கு நெருங்கியது இத்தாலியில் நடந்தது. 2018இல் அங்கே போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. சாம்சங் மீதான குற்றச்சாட்டு, நோட் 7 என்ற புதிய போனுக்காகத் தயாரித்த ஆண்ட்ராய்டைப் பழைய நோட் 4 போன்காரர்களிடம், என்ன ஆகும் என்று எச்சரிக்காமலே போடச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது. என் அபிப்பிராயம் என்னவென்றால், பெரும்பாலும் சதியெல்லாம் இல்லை, அக்கறையின்மைதான். புது மாடலில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, 2 ஜிபிக்காரன் தலையிலும் அதையே கட்டுகிறார்கள். திரும்பிப் போகும் வழியும் வைப்பதில்லை.

அந்த வழியைத் தேடிக் கும்பகோணத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். "அக்கா, பழைய வெர்ஷனே போட்டுத் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்" என்றார் அந்தத் தம்பி. எப்படி என்று கேட்டால், பூட்லோடர் என்னும் கம்பெனிப் பூட்டைத் திறந்து, யாரோ வெளியாள் செய்த ரோமை, அதாவது மாற்று ஆண்ட்ராய்டைப் போடுவாராம். அப்படிச் செய்தால் சில பேங்க் ஆப்கள் ஓடாது, படம் பார்க்கும் ஆப்களில் தரம் குறையலாம், பாதியில் ஏதாவது ஆனால் டேப்பே கையைவிட்டுப் போகும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஃபேக்டரி ரீசெட் செய்தேன். அது பழைய பதிப்புக்குக் கொண்டுபோகாது, சேர்ந்த குப்பையை மட்டும் கழுவிவிடும். அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. டெவலப்பர் அமைப்பில் அனிமேஷனைப் பாதியாக்கினேன். வேகம் கூடவில்லை, கூடினாற்போல இருக்கிறது. கிளீனர் ஆப், பூஸ்டர் ஆப் எதையும் தொடாதீர்கள். ராமைக் காலி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் மூடும், மூடியது மறுபடி முதலிலிருந்து எழுந்துவர இன்னும் நேரம் பிடிக்கும். நடுவில் விளம்பரம் வேறு.

இப்போதைய நிலவரம் இது. மாமனாருக்கு மேட்டூர் போனில் வந்துவிட்டது, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அவருக்கும் சரி. வீடியோ வகுப்பும் போனுக்குப் போய்விட்டது. டேப்பில் தம்பூராவும் நொடேஷனும் மட்டும், ஃபிளைட் மோடில். இந்த இரண்டுக்கும் அது தாராளமாகப் போதும், ஒரு கீர்த்தனை முழுக்கச் சுருதி அறுவதில்லை. வேலைகளைக் குறைத்ததுதான் மற்ற எல்லா வைத்தியத்தையும்விட அதிகம் பலித்தது.

அடுத்து ஒன்று வாங்கினால் திரையின் அளவைக் கடைசியில்தான் கேட்பேன். ராம் 6 ஜிபிக்குக் குறையக் கூடாது. எத்தனை ஆண்ட்ராய்டு பதிப்புகள் தருவார்கள், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று பெட்டியிலோ தளத்திலோ எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் போனுக்கும் டேப்புக்கும் புதிய விதி வந்திருக்கிறது. ஒரு மாடலை விற்பனைக்கு விடுவதை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் அதற்கான அப்டேட்களைத் தர வேண்டும். அந்த மாடல்களில் ஒன்று நம் கடைக்கும் வந்தால் அதைத்தான் எடுப்பேன்.

என் பழைய டேப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அதனால் அதில் பேங்க் ஆப், ஜிபே எதுவும் கிடையாது, என் முக்கியமான மெயிலும் கிடையாது. வகுப்புக்குப் பீஸ் வாங்குவதெல்லாம் போனில்தான்.