18,500 ரூபாவுக்கு ஒரு வெடிச்ச சட்டி: பழைய இரும்புச் சட்டி தேடுறவங்க இதை வாசிச்சிட்டுப் போங்க

பெயின்ட் மணம் இன்னும் குசினியை விட்டுப் போகேல்ல. முந்தாநாள் போறணைக்குள்ள ஏறின மணம். யன்னல் எல்லாம் திறந்து விட்டு, தேசிக்காய்த் தோல் அவிச்சு வச்சும் நிக்குது. 18,500 ரூபா குடுத்து நான் வாங்கின மணம் அது. கோவம் ஆறினாப் பிறகு எழுது எண்டு இவர் சொன்னார். ஆறினா நான் எழுதமாட்டன், அதால இப்பவே எழுதுறன். இரும்புச் சட்டியை எப்பிடிப் பாத்து வாங்குறது, எப்பிடிப் பராமரிக்கிறது எண்டும் கடைசியில விவரமாச் சொல்லுறன்.

நான் திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம். வீட்டில இருந்தே கேக்கும் விசுக்கோத்தும் செய்து குடுக்கிறன். பட்டர் விசுக்கோத்து, நெய் விசுக்கோத்து எல்லாம் சாதாரண தட்டிலதான் சுடுவன். போன வருசம் தொடக்கம் அமெரிக்காக்காரர்ட விசுக்கோத்தும் செய்யத் தொடங்கினன். எங்களுக்கு விசுக்கோத்து எண்டா தேத்தண்ணிக்குள்ள தோய்ச்சுத் தின்னுற சாமான். அவங்களுக்கு அது பொங்கி எழும்பி, இதழ் இதழாப் பிரியுற பஞ்சுப் பணியாரம் மாதிரி. அங்க தெற்குப் பக்கத்து மாநிலங்களில காலமைச் சாப்பாட்டுக்கு அதுதான். ரெண்டு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, கட்டியான பட்டர், முக்கால் கப் மோர். மா எங்கட சீனன்குடாவில அரைக்கிறதுதான், மோருக்குக் கிண்ணியாத் தயிர் கரைக்கிறன். அமெரிக்காக்காரனுக்கு இப்பிடி ஒரு எருமைத் தயிர் கிடைச்சிருக்காது எண்டு அடிச்சுச் சொல்லுவன். பட்டர் மட்டும்தான் கரைச்சல். எங்கட வெயிலுக்கு மாவில கை வைக்க முதலே உருகிரும். நான் உறைய வச்சு, தேங்காய் துருவுற மாதிரித் துருவிப் போடுறன்.

இதை அவங்கள் சுடுறது வார்ப்பிரும்புச் சட்டியில. முதலே சட்டியைச் சூடாக்கி, விசுக்கோத்தை ஒண்டோட ஒண்டு முட்ட அடுக்கி, 220 பாகையில பதினஞ்சு பதினெட்டு நிமிசம். முட்டிக்கொண்டு இருந்தாத்தான் பக்கத்துக்கு விரியாம மேல எழும்பும். சட்டி தடிப்பு, சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், அடி பொன்னிறமா மொறுமொறு எண்டு வரும். என்ட போறணை சின்னது, கதவைத் திறந்தாப் பாதிச் சூடு ஓடிரும். அலுமினியத் தட்டில அடி வெளுப்பு, மேல கருகல். அப்ப எனக்கு அந்தச் சட்டி வேணும் எண்டு எவ்வளவு நாளா மனசுக்குள்ள இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

அந்த நேரம் பாத்துத்தான் போனில அந்தப் பக்கம் வந்திச்சு. பழைய வீட்டுச் சாமான், பித்தளை, இரும்பு எல்லாம் படம் போட்டு விக்கிற பக்கம் ஒண்டு. பேர் சொல்லேல்ல. பேர் சொன்னா நாளைக்கு வேற பேரில வருவாங்கள், எப்பிடி ஏமாத்தினாங்கள் எண்டதுதான் முக்கியம்.

சட்டிட படம் போட்டிருந்திச்சு. கன்னங்கரேல் எண்டு, பத்து இஞ்சி. "வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் சட்டி, திருகோணமலை நேவி பங்களாவில இருந்தது" எண்டு எழுதியிருந்திச்சு. எங்கட ஊர்க்காரருக்கு இது போதும். 1957இல வெள்ளைக்காரன் நேவித் தளத்தைக் குடுத்திட்டுப் போனவன், அவன் விட்டுட்டுப் போனது எண்டு சொல்லி ஒரு துருப்பிடிச்ச ஆணியை நீட்டினாலும் நாங்க கையில வாங்கிப் பாப்பம். நான் உடனே எடுத்துக் கதைச்சன்.

பொடியன்ட குரல் நல்ல பணிவு. "அக்கா எந்த இடம்? திருகோணமலையா? ஐயோ, என்ட அம்மம்மாவும் திருகோணமலைதான் அக்கா." அந்த இடத்திலதான் நான் விழுந்தன். அதுக்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் சொந்தக்காரப் பொடியன் சொல்லுற மாதிரியே கேட்டிச்சு. ஒரு வீடியோ அனுப்பினான். சட்டியில விசுக்கோத்துப் பொங்கி நிக்குது, மேல பட்டர் உருகி வழியுது. "இதில சுட்டதுதான் அக்கா, அம்மா சுட்டவ." நான் அதை நாலு தரம் பாத்தன். மகளுக்கும் காட்டினன்.

விலை 18,500. குறைக்கச் சொல்லிக் கேக்கவே எனக்கு வெக்கமா இருந்திச்சு, அம்மம்மாட ஊர்க்காரி எல்லோ. சாமான் கைக்கு வந்தாப் பிறகு காசு தரட்டோ எண்டு கேட்டன். "பாரமான சாமான் அக்கா, அப்பிடி அனுப்பினா கூரியர்காரர் எடுக்கமாட்டினம்" எண்டான். கணக்கு வேற ஒரு பேரில. கேட்டதுக்குத் தம்பிட கணக்காம். அதையும் நம்பினன். அடுத்த நாள் காலமை வங்கிக்குப் போய் வரிசையில நிண்டு 18,500 ரூபாவையும் கட்டி, சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பினன். "தேங்ஸ் அக்கா, கடவுள் உங்களை நல்லா வைப்பார்" எண்டு வந்திச்சு. கூரியர்க் காசு 650 வேற நான்தான்.

நாலாம் நாள் பெட்டி வந்திச்சு. திறந்த உடனேயே ஒரு மணம். பழைய சாமான்தானே, எண்ணெய் பூசி வச்சிருப்பாங்கள் எண்டு நானே எனக்குச் சமாதானம் சொன்னன். பளபளப்பு ஒரு மாதிரி இருந்திச்சு, தோசைக்கல்லில வருற அந்த அடக்கமான கறுப்பு இல்லை, புதுச் சப்பாத்து மாதிரி மினுக்கம். அப்பவே போட்டுட்டுப் பொடியனை எடுத்திருக்க வேணும். ஆனா அண்டு பின்னேரம் ஒரு சாமத்திய வீட்டுக்கு நாப்பது விசுக்கோத்துக் குடுக்க வேணும். கழுவித் துடைச்சு, அடுப்பில காய வச்சு, எண்ணெய் தடவிப் போறணைக்குள்ள வச்சன்.

சூடு ஏற ஏறக் கண் எரிஞ்சிச்சு. மகள் இருமிக்கொண்டு வெளிய ஓடினாள். ஒரு இருபது நிமிசத்தில "டிக்" எண்டு ஒரு சத்தம். சட்டியை வெளிய எடுத்துப் பாத்தா விளிம்பில இருந்து நடு மட்டும் ஒரு கோடு. கோட்டுக்குள்ள சாம்பல் நிறத்தில ஏதோ பசை வெடிச்சு உதிருது. கைபிடிக்குக் கிட்ட கறுப்பு, பாம்புச் சட்டை மாதிரி உரியுது. விசுக்கோத்து அடுக்க முதலே தெரிஞ்சிச்சு எண்டு நினைக்காதீங்க. முதல் ஈடு அடுக்கி உள்ள வச்சாப் பிறகுதான் இவ்வளவும். எட்டு விசுக்கோத்துக்கும் அடியில கறுப்புத் தூள். நாய்க்குக் கூடப் போடேல்ல, குழி தோண்டித் தாட்டன். மிச்சத்தைப் பழைய தட்டில சுட்டு, வெளுத்த அடியோட கொண்டுபோய்க் குடுத்து, காசும் குறைச்சு வாங்கினன்.

அடுத்த நாள் தெரிஞ்ச வெல்டிங் கடை அண்ணனிட்டக் கொண்டு போனன். அவர் கண்ணால பாக்கவும் இல்லை, தூக்கிப் பிடிச்சு விரல் முட்டியால தட்டினார். "டொக்" எண்டிச்சு. பக்கத்தில கிடந்த ஒரு வார்ப்பிரும்புத் துண்டைத் தூக்கித் தட்டினார். "ணங்" எண்டு கொஞ்ச நேரம் நிண்டு கேட்டிச்சு. "தங்கச்சி, இது முதலே வெடிச்சது. இரும்புப் பசை வச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கு." ஒட்டலாமோ எண்டு கேட்டன். வார்ப்பிரும்பு சும்மா இரும்பு மாதிரி இல்லையாம், கரி கூட இருக்கிறதால நொறுங்குற சாதி, நிக்கல் கம்பியால சூடாக்கிச் சூடாக்கி ஒட்ட வேணும், ஒட்டினாலும் சமையலுக்கு வேணாம் எண்டார். பெயின்டில என்ன இருக்கோ தெரியாது எண்டும் சொன்னார். காசு வாங்கேல்ல. நான் முகத்தை எப்பிடி வச்சிருந்தனோ, பிளேன்ரீ ஒண்டும் வாங்கித் தந்தார்.

வீட்ட வந்து அம்மாட்டச் சொன்னன். "பொங்கலுக்கு அம்பது ரூபாப் பானை வாங்கேக்கையே நான் நாலு பானையைத் தட்டிப் பாத்தவள். நீ 18,500 ரூபாச் சட்டியைப் படத்தில பாத்து வாங்கினியோ?" அதுக்கு மேல அவ ஒண்டும் சொல்லேல்ல. அதுவே காணும்.

இனிப் பொடியன்ட கதை. முதல் எடுத்தவுடன, "நீங்க சூடான சட்டியில பச்சைத் தண்ணி ஊத்தியிருப்பீங்க அக்கா." அப்பிடி ஊத்தினா வார்ப்பிரும்பு வெடிக்கும், அது உண்மைதான். ஆனா நான் ஊத்தேல்ல. ஊத்தினா எப்பிடித் தம்பி உள்ளுக்குப் பசை வரும் எண்டு கேட்டன். பின்னேரம் எடுக்கிறன் எண்டான், எடுக்கேல்ல. இரவு நான் எடுத்தன். "பழைய சாமானுக்குக் கரண்டி இல்லை அக்கா." கரண்டி எண்டு அவன் சொன்னது உத்தரவாதத்தை. அது இல்லையாம். சட்டியே இல்லை, நான் கரண்டிக்கு எங்க போறது? மூண்டாம் தரம், திருப்பி அனுப்புங்க பாத்துச் சொல்லுறம் எண்டான். விலாசம் கேட்டா, "இப்ப வீடு மாறுறம்." படங்கள் அனுப்பினன், நீலக் கோடு ரெண்டும் விழுந்திச்சு, பதில் இல்லை. பிறகு அவன்ட முகப் படமும் காணாமப் போச்சு. என்னை அடைச்சிட்டான். வங்கியில கேட்டன், நீங்களாக் கட்டின காசுதானே எண்டாங்கள். அவங்களில பிழை சொல்ல என்ன இருக்கு.

அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாத்தன். அதில இருந்த சட்டிக்கு ரெண்டு பக்கமும் எண்ணெய் வடிக்கிற மூக்கு. எனக்கு வந்ததுக்கு ஒரு மூக்கு. நாலு தரம் பாத்தனான், விசுக்கோத்தைத்தான் பாத்திருக்கிறன்.

இதுக்கும் மேல ஒண்டு. நேற்று மச்சாள் தன்ட போனில இருந்து அதே பக்கத்துக்கு எடுத்தா. புதுசா வாங்க வாற ஆள் மாதிரி. பொடியன் அதே பணிவு. "அக்கா எந்த இடம்?" மச்சாள் வாயில வந்ததைச் சொன்னா, வவுனியா எண்டு. "ஐயோ, என்ட அம்மம்மாவும் வவுனியாதான் அக்கா." மச்சாள் போனைக் கையால பொத்திக்கொண்டு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரேல்ல. 18,500 ரூபா. எத்தினை விசுக்கோத்து விக்க வேணும் அதுக்கு.

சரி, சொன்ன மாதிரி அறிவுரை. விவரமா எழுத இப்ப பொறுமை இல்லை, வாயில வாறதைச் சொல்லுறன்.

தட்டிப் பாக்க ஏலாத சட்டியை வாங்காதீங்க. தூரத்தில எண்டா, கட்டித் தூக்கித் தட்டுற சத்தத்தோட வீடியோ கேளுங்க, உங்கட பேர் எழுதின ஒரு துண்டையும் சட்டிக்குள்ள வச்சு எடுக்கச் சொல்லுங்க. புதுச் சப்பாத்து மாதிரி மினுங்கினா விடுங்க. துருப்பிடிச்ச சட்டி பெயின்ட் அடிச்ச சட்டியை விட எவ்வளவோ மேல், துருவைத் தேய்ச்சு எடுக்கலாம். எங்க இருந்து வந்தது எண்டு தெரியாத பழைய சட்டி வேணாம். எங்கட கரையில வலைக்கு ஈயக்குண்டு உருக்குறதே பழைய இரும்புச் சட்டியிலதான், அந்த ஈயம் பிறகு உங்கட பிள்ளைட வயித்துக்கதான் போகும். கதைக்கிற ஆள் ஒண்டு, கணக்குப் பேர் இன்னொண்டு எண்டாக் காசு கட்டாதீங்க. வாங்கின சாமானுக்குப் பில் கேட்டு வாங்குங்க. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட இலக்கத்துக்கு எடுக்கலாம், முறைப்பாட்டை எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும். நான் நாளைக்கு எழுதுறன்.

நல்ல சட்டி வச்சிருக்கிறவங்களுக்கு: ஊற வைக்காதீங்க, கழுவின உடன அடுப்பில வச்சுக் காய வையுங்க, எங்கட கடல் காத்துக்கு ஒரு இரவு ஈரம் இருந்தாலும் காலமை செம்மண் நிறம். பதப்படுத்தத் தேங்காயெண்ணெய் வேணாம், அது காய்ஞ்சு இறுகாது, பிசுக்குத்தான் வரும். சோயா எண்ணெய் இல்லாட்டி நல்லெண்ணெய், தொட்டுத் தடவி, துணியால முழுக்கத் துடைச்சு எடுத்த மாதிரி மெல்லிசா. பிறகு கவிட்டு வச்சு ஒரு மணித்தியாலம் நல்ல சூட்டில விட்டு, உள்ளேயே ஆற விடுங்க. புளிக்குழம்பு அதில வைக்காதீங்க. மிச்சம் பிறகு.

அந்தச் சட்டியை நான் எறியேல்ல, முறைப்பாட்டுக்கு வேணும் எண்டு கோழிக்கூட்டுக்கு மேல வச்சிருக்கிறன். இண்டைக்குக் காலமை மச்சாள்ட போனில பாத்தன், அந்தப் படம் இன்னும் அங்க இருக்கு. வவுனியா பங்களாவாம். விலையை மட்டும் 16,500 ஆக்கியிருக்கிறான்.