88709 என்ற எண்ணும் என் மகனும்: வேப்பிங்கை விட உதவும் ஒரு குறுஞ்செய்திச் சேவை

பள்ளி அலுவலகத்து மேசையின் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த அந்தப் பொருளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரக்கணக்கில் என் மகனின் படிப்பு மேசையில் கிடந்த அதை, பென் டிரைவ் என்று நினைத்து நானே பலமுறை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உண்மையில் அது வேப் எனப்படும் மின்சிகரெட். நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை இழுப்பதுதான் வேப்பிங். நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கும் அவனை மூன்று நாள் இடைநீக்கம் செய்ததோடு பள்ளி தன் கடமை முடிந்ததென இருந்துவிட்டது. விடுவதற்கு என்ன வழி என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அந்த வழியைக் காட்டியவர் எங்கள் குழந்தை மருத்துவர். அவர் சொன்ன குறுஞ்செய்திச் சேவையை மகன் பயன்படுத்தி ஐந்து மாதம் ஆகிவிட்ட நிலையில், இதே கவலையில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

ட்ரூத் இனிஷியேட்டிவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2019 ஜனவரியில் 'திஸ் இஸ் குவிட்டிங்' என்ற பெயரில் இந்தச் சேவையைத் தொடங்கியது. இப்போது அது எக்ஸ் புரோகிராம் என்று அழைக்கப்படுகிறது. சிகரெட் நிறுவனங்களுக்கும் அமெரிக்க மாநிலங்களுக்கும் இடையே 1998-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பணத்தில் உருவான அமைப்பு அது என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது. கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை, 88709 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் போதும். வயதையும் விடப்போகும் தேதியையும் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற செய்திகளை அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அனுப்பத் தொடங்கி, பிறகு எட்டு வாரம் வரை தொடர்கிறார்கள். தேதி குறிக்க இன்னும் மனம் வராதவர்களுக்கும், துணிவு வரும்வரை தனியாகச் செய்திகள் உண்டு.

இது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிந்துகொள்ள, அந்தச் சிறு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 5 சதவீத நிக்கோட்டின் கொண்ட ஒரு பாட் (வேப்பில் பொருத்தும், திரவம் அடங்கிய சிறு குப்பி) ஏறக்குறைய 20 சிகரெட் அடங்கிய ஒரு பாக்கெட்டுக்கு ஈடு என்று, மின்சிகரெட் தயாரிக்கும் ஜூல் நிறுவனமே சொல்லிவந்தது. நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டையில் எரிச்சல் குறைந்துவிடுகிறது. முதல் இழுப்பிலேயே இருமி ஒதுங்கியிருக்க வேண்டிய பிள்ளை, மாம்பழ வாசனையோடு நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கிறான். மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், கவனம், நினைவு, மனநிலை ஆகியவற்றை நிக்கோட்டின் அந்த வயதில்தான் அதிகம் பாதிக்கிறது. வெறும் நீராவி என்று என் மகன் வாதாடினான். சூடேறும் அந்தத் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும், கம்பிச் சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் நுரையீரலுக்குள் போகின்றன என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே அவன் வாய் அடைத்தது.

விட்ட நான்காம் நாள் இரவு, மாடிப்படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த அவன், ஃபோனை எடுத்து 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரே சொல்லைத் தட்டினான். உடனே பதில் வந்தது. மனம் தாங்காதபோது அனுப்ப 'கோப்', சறுக்கிவிட்டால் 'ஸ்லிப்' என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூன்றாம் வாரம் நண்பன் வீட்டில் ஒருமுறை சறுக்கியபோது, அவன் என்னிடம் சொல்வதற்கு முன்பே அந்த எண்ணிடம் சொல்லியிருக்கிறான். முதலில் மனம் வலித்தது. திட்டாத ஓர் இடம் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, அதை நான் கொடுக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. விட முயன்ற மற்ற இளைஞர்களின் சொற்களைக் கொண்டே செய்திகளை எழுதுகிறார்கள் என்பதால், பெரியவர்களின் உபதேச வாடை அவற்றில் இல்லை.

பலனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 13 முதல் 17 வயது வரையிலான 1,503 பேரை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சேவையைப் பெற்றவர்களில் 37.8 சதவீதத்தினர் ஏழு மாதங்களுக்குப் பிறகு வேப்பிங் இல்லாமல் இருந்தார்கள். பெறாதவர்களில் அது 28 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், ஆனாலும் பாதிக்கு மேற்பட்டோர் விடவில்லை. 16 முதல் 25 வயதினரிடம் நடந்து 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நிக்கோட்டின் ஏக்கத்தைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரையோடு ஆலோசனையும் பெற்றவர்களில் 51 சதவீதத்தினர் சிகிச்சை முடியும் காலத்தில் விட்டிருக்க, இந்தக் குறுஞ்செய்திச் சேவை மட்டும் கிடைத்தவர்களில் 6 சதவீதத்தினரே விட்டிருந்தார்கள். ஆகவே, காலையில் கண் விழித்ததும் கை வேப்பைத் தேடுகிற அளவுக்கு அடிமையான பிள்ளைக்கு இது மட்டும் போதாது என்பதே என் கருத்து. அப்படிப்பட்டவர்களை மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். நிக்கோட்டின் பட்டையைக் கடையில் வாங்கிப் பெற்றோரே ஒட்டிவிடக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பதிவு செய்வதைப் பிள்ளையே செய்யட்டும், வரும் செய்திகளை எட்டிப் பார்க்காதீர்கள். எட்டு வாரச் செய்திகள் முடிந்து வெகுநாளாகியும், அந்த எண்ணை என் மகன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.