நீதிபதி சட்டம் செய்யலாமா: இங்கிலாந்து வழியா, பிரான்ஸ் வழியா?

இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி ஊர் ஊராக நீதிபதிகளை அனுப்பினார். அவர்கள் சொன்ன தீர்ப்புகள் சேர்ந்து சேர்ந்துதான் நாடு முழுவதற்குமான பொதுச் சட்டமே (Common Law) உருவானது. பிரான்ஸில் கதை தலைகீழ். புரட்சிக்கு முன் நீதிபதிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், அதனால் மக்களுக்கு அவர்கள் மேல் கடுப்பு, 1804 சிவில் சட்டத்தின் 5-ஆம் பிரிவு நீதிபதி பொது விதி வகுக்கவே கூடாது என்று வாயை அடைத்துவிட்டது.

சரி, நடைமுறையில்? 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு பெண், தன் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைப் பாதி குடித்துவிட்டு, மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை வந்து விழுந்ததாகத் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டார். பாட்டிலை வாங்கியது அவரில்லை, தயாரிப்பாளரோடு ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் 1932-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பயன்படுத்துபவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் கவனக் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்றது, அதுவும் 3-க்கு 2 என்ற கணக்கில்! ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால்?

பிரான்ஸிலும் நீதிபதிகள் சும்மா இருக்கவில்லை. 1930-இல் லாரி மோதிக் காயமடைந்த சிறுமியின் வழக்கில், அதே சிவில் சட்டத்தின் பழைய பிரிவு ஒன்றில் கிடந்த சில சொற்களைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை என்றார்கள். இதுவும் சட்டம் செய்வதுதானே, பெயர்தான் 'விளக்கம்'. எனக்கு இங்கிலாந்து வழிதான் பிடிக்கும், அங்கே செய்வதை ஒளிக்காமல் செய்கிறார்கள்.