மூன்றாம் பீரியடில் எது திறக்கும்?

பத்தாம் வகுப்பு, மின்னோட்டவியல் பாடம். 40 நிமிடப் பீரியடில் முதல் 12 நிமிடம் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒருவன், "டீச்சர், இதுவும் மூடிய சுற்றுதானா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் இரவு வீட்டில் கைப்பேசியில் தடங்கலின்றி ஓடிய காணொளி அது. காணொளியில் குறையொன்றும் இல்லை. பள்ளியில் அன்று நெட் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு வகுப்புக்கு எதைக் கொண்டுபோவது என்று தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். எது அழகாக இருக்கிறது, எதில் நிறைய இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் எது திறக்கும் என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன்.

அறிவியல் எடுக்கும் ஆசிரியருக்குத் தமிழில் பயன்படக்கூடியவற்றில் நான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவை மூன்று. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் க்யூஆர் குறியீடும் அதன் வழியே போகிற கல்வித் தளமான திக்‌ஷாவும் ஒன்று. கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி, யூடியூப் என்று கிடைக்கும் காணொளிகள் இன்னொன்று. மூன்றாவது, ஃபெட் என்கிற சிமுலேஷன் தளம், அதாவது சோதனைகளைத் திரையிலேயே நாமே மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் தளம். மூன்றுமே இலவசம், மூன்றிலும் தமிழ் உண்டு, மூன்றுக்கும் புரொஜெக்டரோ பெரிய திரையோ வேண்டும். இதில் அலச ஒன்றுமில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் ஃபெட் கட்சி.

முதலில் க்யூஆர். 2017 செப்டம்பரில் மத்திய அரசு திக்‌ஷாவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நம் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடத்துக்குப் பாடம் குறியீடும் அச்சாகி வந்தது. இதன் பெரிய பலம், தேட வேண்டியதே இல்லை. எந்தப் பாடத்தில் நிற்கிறோமோ அந்தப் பாடத்துக்கு உரியது வந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கு இது பெரிய உதவி. செயலிக்குள் பதிவிறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் நான் கண்டவரை அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி காணொளியும் வினாடி வினாவும்தான். வீட்டில் உட்கார்ந்து திருப்பிப் பார்க்கும் பிள்ளைக்கு நல்லது. வகுப்பிலோ பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது, அதனால் குறியீட்டை ஸ்கேன் செய்வது நான் ஒருத்தி மட்டும்தான். அப்படிப் பார்த்தால் அதுவும் காணொளிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

குறியீடு வேறு, அச்சான முகவரி வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குறியீட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பிறகு மாற்ற முடியும், புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை. பாடத்தின் கடைசியில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பக்கம் வருகிறதே, அதில் முழு இணைய முகவரியே அச்சாகியிருக்கும். எந்தத் தளமாக இருந்தாலும் பக்கத்தை இடம் மாற்றினால் அச்சான முகவரிக்கு அது தெரியாது. அந்தப் பக்கங்களை நான் ஒரு பரிந்துரைப் பட்டியலாக மட்டும் பார்க்கிறேன். பெயரைப் பார்த்துக்கொண்டு அந்தந்தத் தளத்துக்கு நேராகப் போய்த் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

காணொளிக்கு வருவோம். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது, மணற்கேணி செயலி 2023-இல். மணற்கேணியில் நம் பாடத்திட்டத்தின்படி ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அனிமேஷன் பாடங்கள் இருக்கின்றன. கலைச்சொல் புத்தகத்தோடு ஒத்துப்போவது சின்ன விஷயமாகத் தெரியலாம், தேர்வெழுதும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. உயிரியலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காணொளிப் பக்கம்தான் போவேன். இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் எப்படிப் போய் வருகிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கி எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். இரண்டு நிமிட அனிமேஷனில் அது முடிந்துபோகிறது.

குறை என்னவென்றால், காணொளி பதிலை முன்கூட்டியே சொல்லிவிடும். கேள்வி கேட்டு, பிள்ளைகளை யோசிக்க விட்டு, தப்பாகச் சொல்ல விட்டு, அப்புறம் காட்டுவதற்கு அங்கே இடமில்லை. நடுவில் நிறுத்திக் கேட்கலாம்தான், நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் "போடுங்க டீச்சர்" என்பார்கள். பாட்டு நடுவில் கேசட் சிக்கியது போல ஒரு எரிச்சல் அவர்களுக்கு. யூடியூபில் பார்த்தால் நடுவே விளம்பரம் வேறு. செயலிக்குள் சேமித்து வைக்கிற காணொளியும் அந்தச் செயலிக்குள்தான் கிடக்கும். பென் டிரைவில் போட்டுப் பக்கத்து வகுப்புக்குக் கொடுக்க முடியாது.

இனி ஃபெட். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. பெயர் இயற்பியலில் பிறந்தாலும் இப்போது வேதியியல், கணிதம், கொஞ்சம் உயிரியல் எல்லாம் இருக்கின்றன. உள்ளே போய் ஓட்டிப் பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். மற்ற ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கும் பயிற்சித் தாள்கள் வேண்டுமென்றால்தான் பதிவு செய்ய வேண்டும்.

கம்பியின் மின்தடை என்று ஒரு சிமுலேஷன் இருக்கிறது. திரையின் மேலே வாய்பாடு, கீழே ஒரு கம்பி, பக்கத்தில் மின்தடை எண், நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு ஆகியவற்றுக்கு மூன்று நகர்த்திகள். நீளத்தைக் கூட்டினால் கம்பி நீளும், வாய்பாட்டில் நீளத்தைக் குறிக்கும் எழுத்தும் பெருக்கும், மின்தடையின் எழுத்தும் சேர்ந்து பெருக்கும். பரப்பைக் கூட்டினால் அதன் எழுத்து பெருக்கப் பெருக்க மின்தடையின் எழுத்து சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கும். நேர்த்தகவு, எதிர்த்தகவு என்று நாம் வாய் ஓயச் சொல்வது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் நகர்த்தியைத் தொடுவதற்கு முன்னால் நான் கேட்கிறேன்: "கம்பி தடிமனானா மின்தடை கூடுமா, குறையுமா?" வகுப்பில் பாதிக்கு மேல் கூடும் என்று கை தூக்கினார்கள். தடிமன் என்றால் ஏதோ பலம், பலம் என்றால் தடை, அப்படி ஒரு எண்ணம். முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், "குறையும் டீச்சர். தோட்டத்துல ரெண்டு இஞ்ச் பைப்ப எடுத்துட்டு மூணு இஞ்ச் போட்டா தண்ணி நல்லா வரும்ல" என்றாள். அப்புறம்தான் நகர்த்தினேன். எழுத்து சுருங்கியபோது வந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பத்தாம் வகுப்புச் செய்முறையில் மின்தடை எண் காணும் சோதனை இருக்கிறது. அந்த ஆண்டு அதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியே வரவில்லை.

சுற்று அமைக்கும் சிமுலேஷனிலும் இதே கதைதான். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பிடித்து எரிவது போலக் காட்டும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதலில் செய்வது அதைத்தான். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன். குறுக்குச் சுற்று என்ற சொல்லை நான் எழுதிப் போடுவதற்குள் அது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவுகோல் சிமுலேஷனில் காபி, பால், ஆரஞ்சுச் சாறு, எச்சில், வாந்தி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எதை முதலில் எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதற்காக மட்டும் ஃபெட் கட்சியில் சேர்ந்தேன் என்றால் பொய். என்னைச் சேர்த்தது பராமரிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசையாக ஒரு இணைப்புப் பட்டியல் தயாரித்தேன். பாடவாரியாக, அட்டவணை போட்டு, சக ஆசிரியர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அடுத்த ஜூனில் திறந்து பார்த்தால் சில பக்கங்கள் இடம் மாறியிருந்தன, சில காணொளிகளை ஏற்றியவரே எடுத்துவிட்டிருந்தார், ஒரு தளம் பணம் கேட்டது. மறுபடி உட்கார்ந்து திருத்தினேன். அதற்கடுத்த ஜூனில் மறுபடி. அது ஒவ்வொரு ஆண்டும் வட்டி கட்டுகிற கடன் மாதிரி ஆகிவிட்டது.

ஃபெட்டின் புதிய சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோப்பாகக் கீழிறங்கும். படம், எழுத்து, கணக்கு எல்லாம் அந்த ஒரு கோப்புக்குள்ளேயே. பெரும்பாலும் சில எம்.பி.தான் அளவு. பென் டிரைவில் போட்டு, கணினியில் நகலெடுத்து, இரண்டு முறை சொடுக்கினால் உலாவியில் திறந்துகொள்ளும். நெட் வேண்டாம். கணினி விண்டோஸா லினக்ஸா என்ற கவலை வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், நிறுவ அனுமதி கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆய்வகத்தில் பத்துக் கணினி இருந்தால் பத்திலும் அதே கோப்பைப் போட்டுவிடலாம். கோப்புப் பெயரின் கடைசியில் டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது தமிழ்ப் பதிப்பு.

கையில் கோப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் பழைய ஃபிளாஷ் அனிமேஷன்கள் ஒரு குறுந்தகடு நிறைய இருந்தன. 2020 இறுதியோடு அந்தத் தொழில்நுட்பமே நிறுத்தப்பட்டது, உலாவிகளும் அதைத் தூக்கிவிட்டன. கோப்பு அப்படியே இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. ஃபெட்டிலும் ஒரு காலத்தில் ஃபிளாஷும் ஜாவாவும்தான் ஓடின. அவற்றை உலாவிக்கே புரிகிற எச்.டி.எம்.எல்.5 வடிவத்துக்கு ஒவ்வொன்றாக மாற்றி எழுதினார்கள். ஆகவே ஃபெட்டில் எடுப்பவர்கள் எச்.டி.எம்.எல்.5 என்று இருப்பதை மட்டும் எடுங்கள். பழைய ஜாவாக் கோப்பு ஆசை காட்டும், விட்டுவிடுங்கள்.

சேமித்த கோப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தளத்தில் பிழை திருத்தினாலும், தமிழ்ச் சொல்லை மாற்றினாலும் என் பென் டிரைவுக்கு அது தெரியாது. அதனால் மே விடுமுறையில் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பழையதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்கி வைக்கிறேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆண்டு முழுக்க எனக்கு ஆகும் பராமரிப்பு இவ்வளவுதான்.

குறைகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள், அதனால் எல்லாச் சிமுலேஷனும் தமிழில் கிடையாது. கிடைப்பதிலும் அங்கங்கே கலைச்சொல் நம் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. வகுப்புக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மாறுகிற சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன். உயிரியலில் இருப்பு குறைவு. பழைய கணினியில் சில சிமுலேஷன்கள் நத்தை வேகத்தில் ஓடும். கோப்பைப் பெற்றோர் கைப்பேசிக்கு அனுப்பினால் சிலவற்றில் திறக்கிறது, சிலவற்றில் அடம்பிடிக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்காமல் வெறுமனே ஓட்டிக் காட்டினால் இது சுமாரான காணொளியை விடவும் மோசம், பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாது.

கணிதம் எடுப்பவர்கள் கேட்டால் நான் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் பக்கம் கைகாட்டுவேன். 2001-இல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கியது, அதையும் நெட் இல்லாமல் ஓட்டலாம். எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் அதில் வட்டத் தொடுகோடு போட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன், நானே வகுப்பில் எடுத்ததில்லை. தொடக்கப் பள்ளிக்கோ மேல்நிலைக்கோ ஃபெட் எப்படி என்று கேட்டால், எனக்கு எட்டு முதல் பத்து வரைதான் பழக்கம். கணினியே இல்லாத பள்ளி என்றால் அரவிந்த் குப்தாவின் தளத்தைப் பாருங்கள். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேனாக் குழாய் என்று குப்பையிலிருந்தே பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தருகிறவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். செய்முறைகள் எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை பார்த்து மனதில் வாங்கிக்கொண்டால் அதற்கப்புறம் நெட்டும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

இந்த ஆண்டு என் பென் டிரைவில் பதினொரு கோப்புகள் இருக்கின்றன. மின்னோட்டவியலுக்கு மூன்று, அணு அமைப்புக்கு ஒன்று, சமன்பாடு சமன் செய்ய ஒன்று, ஒளிவிலகலுக்கு ஒன்று, மற்றவை எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு. மணற்கேணியிலிருந்து உயிரியலுக்கு என்ன எடுப்பது என்று தனியாக ஒரு தாளில் குறித்திருக்கிறேன். அந்தப் பாடங்களை நெட் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

குவிலென்சுக்கும் ஃபெட்டில் நல்ல சிமுலேஷன் இருக்கிறது. அதை மட்டும் இறக்கவில்லை. எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு வேப்பமரம் நிற்கிறது. மற்ற ஜன்னல்களைச் சாத்திவிட்டு லென்சைப் பிடித்தால், மரம் தலைகீழாகச் சுவரில் விழும், காற்றடித்தால் இலை அசைவதுகூடத் தெரியும்.