இறுவட்டை மாற்றுமுன் ரிமோட்டைத் தேடுங்கள்

பம்பலப்பிட்டிக் கடை ஒன்றில் இந்த 5.1 ஹோம் தியேட்டரை வாங்கி எட்டு மாதமாகிறது. ஓசையில் குறையே இல்லை. காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தத்தையும் மீறித் தவிலின் தொப்பிப் பக்க ஒலி தெளிவாகக் கேட்கிறது.

தொல்லை இறுவட்டை மாற்றும்போதுதான். பழைய நாதஸ்வர இறுவட்டுக்கு ஒலியளவு 32 வேண்டும். அதை எடுத்துவிட்டுப் புதிய திரைப்பாடல் தட்டைப் போட்டால் 18இலேயே யன்னல் கண்ணாடி அதிர்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இது சின்ன விஷயமல்ல. கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்து, "தம்பி, வீட்டில் கோயில் திருவிழாவோ?" என்று கேட்டுவிட்டார்.

பெட்டியில் பழுதில்லை என்றார் கடைக்காரர். அது உண்மைதான். இரண்டு தட்டுகளிலும் உச்ச ஒலி ஏறக்குறைய ஒன்றே; புதியதில் மெல்லிய ஒலிகளையும் உச்சத்துக்கு அருகே தூக்கிவிட்டிருக்கிறார்கள். டிவிடி போட்டால் நேர்மாறு. டொல்பி என்ற ஒலிமுறையில் பதிந்த படத்தின் ஒலித்தடம் வசனத்தின் அளவுக்கேற்பத் தாழ்த்தப்படுவதால், படம் முணுமுணுக்கிறது.

ஆனால் "இரவு முறையை அழுத்தினால் எல்லாம் சமமாகிவிடும்" என்று சொல்லி விற்றாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் அந்தப் பொத்தான் டொல்பி தடத்துக்கு மட்டுமே வேலை செய்கிறது. பாட்டு இறுவட்டைச் சீண்டுவதேயில்லை. இறுவட்டுக்கும் டிவிடிக்கும் தனித்தனி அளவு வைக்கும் வசதியும் இதில் கிடையாது.

ஓசைக்காக ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இப்போது ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் எண் எழுதிவைத்திருக்கிறேன்: 32, 18, 25.