பருத்தி என்று பாலியஸ்டர், சர்க்கரைக்குப் பதில் நாய்க்கு நஞ்சு: ஓர் இணையக் கடை பற்றிய எச்சரிக்கை

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் இணையத்தில் துணி வாங்கித் தைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டையும் செய்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். துணி, நூல், ஜிப், கேக் சாமான், நாய்க்கான பொம்மை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்கும் ஓர் இணையக் கடையில் நாய்ப் படுக்கைக்குக் கேன்வாஸ் துணி வாங்கினேன். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புப் பொடி ஒரு பொட்டலமும் அதே பார்சலில் வந்தது. இரண்டிலும் பொய். பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் கொடுத்த முறையீடு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் பெயர் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

துணியில் போனது பணம். பொடியில் போயிருக்கக்கூடியது ஓர் உயிர். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இனிப்பு என்றால் குறிப்பு பார்த்துச் செய்வதில்லை. கையில் இருப்பதுதான் கணக்கு. கறுத்துப்போன வாழைப்பழம், டப்பாவின் அடியில் கிடக்கும் பிஸ்கட் தூள், கொஞ்சம் கெட்டித் தயிர், எல்லாவற்றையும் அடித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்தால் அன்றைய இனிப்பு தயார். சில நாள் அருமையாக வரும், சில நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எப்படி வந்தாலும் சர்க்கரையோ சாக்லேட்டோ சேர்ப்பதற்கு முன்பே வெறும் பழமும் தயிரும் கலந்ததில் ஒரு கரண்டி எங்கள் இரண்டு நாய்களுக்கும் போய்விடும். பெரியவன் கருப்பன், சின்னவள் சின்னி. மிக்ஸி சத்தம் கேட்டாலே இரண்டும் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

அம்மா சர்க்கரையைக் குறைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பொடியை வாங்கினேன். கடையின் பக்கத்தில் 'இயற்கை இனிப்பு, செல்லப்பிராணி உட்பட வீட்டில் எல்லோருக்கும் ஏற்றது' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பொட்டலத்தின் முன்பக்கத்தில் ஒரு மரத்தின் படம், 'பிர்ச் மரச் சர்க்கரை' என்ற பெயர். பின்பக்கம் திருப்பினால், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் உட்பொருள்: இ967. அவ்வளவுதான். பெயர்கூட இல்லை, எண் மட்டும்.

இ967 என்றால் சைலிட்டால். மனிதர்களுக்கு அளவோடு சாப்பிட்டால் தொல்லை இல்லை. அதிகமானால் வயிற்றைக் கலக்கும். நாய் விஷயம் முற்றிலும் வேறு. நாயின் உடல் சைலிட்டாலைக் கண்டதும் சர்க்கரை வந்துவிட்டதென்று நினைத்து இன்சுலினை அள்ளிக் கொட்டுகிறது. இரத்தத்தில் இருக்கிற சர்க்கரை சடசடவென்று இறங்குகிறது. பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாந்தி, சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு என்று வரலாம்; சில சமயம் பல மணி நேரம் கழித்தும் தெரியும். அளவு கூடினால் கல்லீரலே பழுதாகலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதாவது 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 1 கிராம். ஒரு தேக்கரண்டியில் சுமார் 4 கிராம் பிடிக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னி 10 கிலோகூட இல்லை.

பொட்டலத்தைத் திறப்பதற்கு முன்பே பின்பக்கத்தைப் படித்துவிட்டதால் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் 'செல்லப்பிராணிக்கும் ஏற்றது' என்ற வரியை நம்பி யாராவது நாய் பிஸ்கட்டில் இதைப் போட்டிருந்தால்? இதை வெறும் விளம்பர மிகை என்று விட முடியாது. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு ஆகாது என்பது இப்போது நிறையப் பேருக்குத் தெரிகிறது. சைலிட்டால் அந்த அளவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகள், சில வகை நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றிலும் இது இருக்கும். தெரியாமல் நாய் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்கவும் முயலாதீர்கள். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி துணி.

கருப்பன் படுக்கையைச் சுற்றிச் சுற்றி வந்து, காலால் பிறாண்டி, நாலு முறை புரட்டிய பிறகுதான் படுப்பான். கடையில் தைத்து விற்கும் மெல்லிய உறைகள் அவனிடம் தாங்குவதில்லை. அதனால் தடித்த பருத்திக் கேன்வாஸில் ஜிப் வைத்த உறையாகத் தைத்து, பழைய போர்வைகளை உள்ளே திணித்துவிடுவோம். உறையை மட்டும் கழற்றி வெந்நீரில் துவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம். பருத்தியென்றால் நாய் முடியை உதறினாலே ஓரளவு போய்விடும். பாலியஸ்டரில் மின்னூட்டம் ஏறி முடி அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் உறிஞ்சாது.

கடைப் பக்கத்தில் போட்டிருந்தது இது: 100 சதவீதம் பருத்திக் கேன்வாஸ், முன்பே சுருக்கம் நீக்கியது (அதாவது துவைத்தால் இனிச் சுருங்காது), அகலம் 150 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 300 கிராம். 5 மீட்டர் கேட்டிருந்தேன். வந்த துணி பார்க்கக் கச்சிதமாக இருந்தது. விறைப்பு, மங்கலான நிறம், சொரசொரப்பு எல்லாம் கேன்வாஸ் போலவே. அந்த விறைப்பு கஞ்சியால் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெட்டுவதற்கு முன் துணியை ஊறவைப்பது தைக்கிற எல்லோரும் செய்வதுதான். முன்பே சுருக்கம் நீக்கியது என்று எழுதியிருந்தாலும் ஊறவைக்காமல் நான் கத்தரியை எடுப்பதில்லை. வாளியில் போட்டேன். பருத்தியானால் சிறிது நேரத்தில் நீரைக் குடித்துக் கனத்து அடியில் போக வேண்டும். இது மேலேயே மிதந்தது. கையால் அமுக்கினால் காற்றுக் குமிழியோடு திரும்ப எழும்பி வந்தது. தண்ணீர் மட்டும் கஞ்சி கரைந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

அம்மா வந்து ஈரத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல பருத்தி பேருக்குத்தான் இருக்கு. ஓரத்துல ரெண்டு நூல் உருவிட்டு வா."

நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என இரண்டு நூலையும் உருவிக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்தினோம். பருத்தி நூல் சுடர்விட்டு எரியும், காகிதம் எரிகிற வாசனை வரும், மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியதும் கடுகு போலக் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். எங்கள் நீளவாக்கு நூல் முழுக்க உருண்டை. குறுக்கு நூலில் பாதி சாம்பல், பாதி உருண்டை. ஆக, மொத்தத்தில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர்தான். ஒரே திசை நூலை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம் என்பதைக் கவனியுங்கள். நல்ல நூலை ஒரு பக்கம் ஓடவிட்டு மட்டமானதை மறுபக்கம் ஓடவிடுவது நெசவில் எளிது. தைக்கும்போது இதை அறியாமல் பருத்திச் சூட்டில் இஸ்திரி போட்டிருந்தால் என்னவாகும் என்பது வேறு கதை. இஸ்திரிப் பெட்டியில் பருத்திக்கான மூன்று புள்ளிக் குறி என்றால் சூடு 200 டிகிரி வரை. பாலியஸ்டருக்கு வழக்கமாக அதற்குக் கீழேதான்.

துணி காய்ந்த பிறகு அளந்தோம். நீளம் 4 மீட்டர் 57 சென்டிமீட்டர். அகலம் 142. கடைக்கு எழுதினேன். 'துவைத்ததால் சுருங்கியிருக்கிறது, பருத்தியின் இயல்பு அது' என்று பதில் வந்தது. சுருக்கம் நீக்கிய துணி என்று விற்றவர்கள் சொல்லும் பதில் இது! சாதாரணப் பருத்தி முதல் துவைப்பில் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் சுருங்குவதுண்டு. இங்கே நீளத்தில் குறைவது எட்டரை சதவீதத்துக்கும் மேல், அதுவும் பெரும்பகுதி பாலியஸ்டரான துணியில். அப்புறம்தான் அம்மாவுக்கு உறைத்தது. ஒரு கஜம் 91.44 சென்டிமீட்டர். ஐந்து கஜம் எவ்வளவு? 457.2. சுருக்கமும் இல்லை, கிருக்கமும் இல்லை. மீட்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு கஜத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அகலமும் அப்படித்தான், சரியாக 56 அங்குலம்.

எடையிலும் அதே கதை. இதற்குத் துணியை வெட்டக்கூட வேண்டாம். மொத்தத் துணியையும் மடித்துத் தராசில் வைத்தால் போதும். சொன்னபடி 5 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 300 கிராம் என்றால் இரண்டேகால் கிலோ நிற்க வேண்டும். எங்கள் தராசில் 1 கிலோ 400 நின்றது. வந்து சேர்ந்த பரப்புக்கே கணக்குப் போட்டாலும் சதுர மீட்டருக்கு 220 கிராம் தேறவில்லை. மீதி எடை கஞ்சியாக வாளித் தண்ணீரில் போயிற்று.

இவர்களுடைய தந்திரம் துணியைவிடத் திரும்பப் பெறும் விதியில்தான் இருக்கிறது. நனைத்த, துவைத்த, வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நனைக்காமல் கஞ்சி தெரியாது. அப்படியானால் எப்போதுதான் கண்டுபிடிப்பது? பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி வேண்டும் என்றார்கள். அது என்னிடம் இருந்தது, அனுப்பினேன். அதில் அளவு நாடா தெரியவில்லையே என்றார்கள். நூல் எரிந்த படங்களை அனுப்பியபோது, 'வீட்டுச் சோதனைகளை ஏற்பதில்லை' என்று ஒரு வரி. பொடியைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. இரண்டாம் முறை கேட்டபோது அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடிக் குறியீடு ஒன்று வந்தது. பிறகு நான் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது, அதுவும் மிகுந்த மரியாதையோடு: கருத்தை நீக்கினால் பாதிப் பணம் திரும்ப வருமாம். நீக்கவில்லை. அந்தச் செய்தியையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன். அட்டையில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் முறையீடு கொடுத்திருக்கிறேன். 'விவரித்தபடி பொருள் இல்லை' என்ற பிரிவில் கடைப் பக்கத்தின் படம், அளவுப் படங்கள், அந்தப் பாதிப் பணப் பேரம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். கடைப் பக்கத்தைப் படமெடுத்து வைப்பது முக்கியம், ஏனென்றால் அகலம் 150 என்று இருந்த இடத்தில் இப்போது 'சுமார் 140 முதல் 150' என்று மாற்றிவிட்டார்கள்.

இனி எங்கே துணி வாங்கினாலும் நான் செய்யப்போவது இது. முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி நனைத்துப் பார்ப்பேன். பெரிய பார்சல் வந்தால் பிரிக்கும்போதே தரையில் அளவு நாடாவை விரித்து, அதன்மேல் துணியைப் போட்டு, தராசையும் பக்கத்தில் வைத்துக் காணொளி எடுப்பேன். ஓர நூல் இரண்டை உருவிக் கொளுத்துவதற்கு நனைக்கவோ வெட்டவோ தேவையில்லை, எனவே விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. விற்பவர் அளவை மீட்டரில் சொல்கிறாரா கஜத்தில் சொல்கிறாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

கருப்பனுக்குப் பழைய உறையையே ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தாயிற்று. வந்த துணி முறையீடு முடியும்வரை வெட்டாமல் அலமாரியில் இருக்கிறது. பொடிப் பொட்டலமும் பிரிக்காமல் நாய்க்கு எட்டாத உயரத்தில். விற்பனைப் பக்கத்தில் அந்தப் பொடியின் விளக்கம் மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. இதே விவரங்களோடு கேன்வாஸோ பிர்ச் மரச் சர்க்கரையோ வாங்கியவர்கள் இருந்தால் நீளம், அகலம், எடை மூன்றையும் அளந்து, பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். வங்கி கூடுதல் ஆதாரம் கேட்டிருக்கிறது, உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.