புறநகரில் புதுக் குடியிருப்பா, நகரத்துக்குள் பழைய அடுக்குமாடியா?

வீடு வாங்குவது என்று முடிவானபோது எங்கள் கையில் இருந்த பணத்துக்கு இரண்டு இடங்கள் பொருந்தி வந்தன. ஒன்று, நகரத்தின் விளிம்பில் வேகமாக வளர்ந்துவரும் புதுக் குடியிருப்பு. முதல் கட்ட வீடுகளில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள், இரண்டாம் கட்டத்தில் பூச்சு வேலை நடக்கிறது, மூன்றாம் கட்டம் இன்னும் வெறும் மண். இன்னொன்று, நகரத்துக்குள் இருபது வருடம் தாண்டிய ஓர் அடுக்குமாடியில், அதைவிடச் சிறிய வீடு. நாங்கள் பழையதைத்தான் வாங்கினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். படிப்பவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதே பணத்துக்குப் புது இடத்தில் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். வெளிச்சம், காற்று, வண்டி நிறுத்த இடம், பிள்ளைகள் பயமில்லாமல் ஓடியாட இடம் எல்லாவற்றிலும் புதியதுதான் மேல். பழைய இடத்தில் கடை, மருத்துவர், பள்ளி, பேருந்து நிறுத்தம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும். பயண நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சுவிஸ் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டுட்சரும் ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவழிப்பவர்கள், அதற்கு ஈடாக வேறு ஏதாவது கிடைத்திருந்தும், தங்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே சொன்னார்கள். பெரிய அறைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடுகிறோம். நெரிசலுக்குப் பழகுவதில்லை.

வேகமான வளர்ச்சி என்பதையே விளம்பரத்தில் நல்ல செய்தியாகப் போடுகிறார்கள். வீடுகள் வேகமாக வரும், உண்மைதான். மற்றவை அதே வேகத்தில் வருவதில்லை. அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த இடத்தில் 1947 முதல் 1951 வரைக்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. லெவிட்டவுன் என்று பெயர். இளம் குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதால், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பள்ளி தேவைப்பட்டது. எந்தப் புதுக் குடியிருப்புக்கும் இது பொருந்தும். அதனால் வரைபடத்தில் ‘பள்ளி’ என்று எழுதியிருக்கும் கட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது விற்பனை ஒப்பந்தத்தில் தேதியோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒப்பந்தத்தில் இல்லை.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது தூரமும் இல்லை, பள்ளியும் இல்லை. பராமரிப்புதான்.

புது வீடு என்றால் பராமரிப்புச் செலவு குறைவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வீட்டுக்குள் அது சரி. வாசலைத் தாண்டினால் கதை வேறு. புதுக் குடியிருப்பில் சொல்லப்படும் மாதப் பராமரிப்புக் கட்டணம், விற்பனை நடந்துகொண்டிருக்கும்போது விற்பவரே நிர்ணயிக்கும் தொகை. கட்டணம் குறைவாக இருந்தால் வீடு விற்கும். அதனால் குறைவாக வைக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் உத்தரவாதக் காலத்தில் இருக்கும். சுவரில் வெடிப்பு வந்தால் பில்டரின் ஆட்களே வந்து பூசிவிட்டுப் போவார்கள். விற்காத வீடுகளுக்கான பங்கை அவர் கட்டினாலும் கட்டலாம், கட்டாமலும் போகலாம். இப்படிப் பல செலவுகள் கணக்கில் ஏறாத சில வருடங்களின் தொகை அது. அதை வைத்து இருபது வருடக் கடனுக்குக் கணக்குப் போடுவது ஆபத்து. உத்தரவாதம் முடிந்து, பொறுப்பு குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கட்டணம் தெரியும்.

அப்புறம், வசதிகள் யாருடைய எண்ணிக்கைக்காகக் கட்டப்பட்டவை என்பது. கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கடைசிக் கட்டம் வரை வரப்போகும் மொத்தக் குடும்பங்களுக்குமான அளவில் இருக்கும். மூன்றாம் கட்டம் தள்ளிப்போனால், அத்தனை பேருக்கான செலவை இருக்கிறவர்கள் மட்டும் சுமக்க வேண்டியிருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் அழுக்கைத் தின்று சுத்தம் செய்பவை நுண்ணுயிர்கள். போதுமான கழிவுநீர் உள்ளே வராவிட்டால் அவை சரியாகப் பெருகாது, நிலையமும் சரியாக வேலை செய்யாது. ஆள் குறைவு என்பதற்காகப் பாதி நிலையத்தைப் பூட்டி வைக்கவும் முடியாது, அப்படிப் பிரித்துக் கட்டியிருந்தால் ஒழிய. இதை யாரும் மாடல் வீட்டில் நின்று கேட்பதில்லை. கேளுங்கள்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. ஒரே நேரத்தில் கட்டியவை ஒரே நேரத்தில் பழுதாகும். வெளிச்சுவர் பெயின்ட் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வருடம் தாங்கும். மொட்டை மாடியில் நீர் கசியாமல் போடும் பூச்சும் பம்புகளும் பத்து வருடத்தை ஒட்டித் தகராறு செய்ய ஆரம்பிக்கும். லிஃப்டுக்கு இருபது, இருபத்தைந்து வருடம். ஒரு பழைய தெருவில் இந்த வீட்டுக்கு இந்த வருடம் பெயின்ட், அடுத்த வீட்டுக்கு நாலு வருடம் கழித்து என்று செலவு சிதறிக் கிடக்கும். ஒரே மூச்சில் எழும்பிய குடியிருப்பில் எல்லாக் கட்டடங்களின் மொட்டை மாடியும் ஒரே மழையில் ஒழுகும். அதற்கான பணம் முதல் மாதத்திலிருந்தே சேம நிதியாகச் சேர்ந்துவந்தால் பயமில்லை. மாதக் கட்டணமே விற்பனைக்காகக் குறைத்து வைக்கப்பட்டது என்றால், சேம நிதி எங்கிருந்து வரும்?

வீட்டைத் தாண்டினால் சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா. இவை யாருடையவை? பழைய பகுதியில் இந்தக் கேள்வியே எழாது. உள்ளாட்சி பார்த்துக்கொள்கிறது, நன்றாகவோ மோசமாகவோ. புது இடங்களில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் இதைத் தனியாகவே சுட்டிக்காட்டியது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் கட்டும் புதுக் குடியிருப்புகளில் சாலை, பூங்கா, வடிகால் ஆகியவற்றை உள்ளூர் மன்றங்கள் ஏற்றுக்கொள்ளாமல், வீட்டுக்காரர்களே தனியார் நிர்வாகத்துக்குக் கட்டணம் கட்டும் நிலை பெருகியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேறு வழி. 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்தது. புது இடங்களுக்குச் சாலையும் பள்ளியும் அமைக்கப் பணம் வேண்டுமே என்று 1982இல் மெல்லோ–ரூஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் செலவுக்காக வாங்கும் கடனை, அங்கே வீடு வாங்குபவர்கள் தனி வரியாகப் பல வருடங்கள் அடைக்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் புது இடத்தின் பொதுச் சொத்துகளுக்கு யாராவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும், பெரும்பாலும் அது அங்கே குடியேறுபவர்தான். வீட்டின் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை ஒழுங்காகச் செய்த இடங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இங்கிலாந்தில் 1967இல் அறிவிக்கப்பட்ட புது நகரம் மில்டன் கீன்ஸ். அதைக் கட்டி வளர்த்த கழகம் 1992இல் கலைக்கப்பட்டபோது, பூங்காக்களை ஓர் அறக்கட்டளையிடம் 999 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பூங்காவை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. வாடகை வரும் வணிகக் கட்டடங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் புல் வெட்டப்படுகிறது, மரங்கள் பராமரிக்கப்படுகின்றன. பொறுப்பை ஒப்படைக்கும்போது அதற்கான வருமானத்தையும் ஒப்படைப்பது என்ற இந்த ஏற்பாடு எந்தப் புதுக் குடியிருப்பிலாவது கண்ணில் பட்டால், நான் இங்கே எழுதியிருப்பதில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்தை வாங்கச் சொல்வேன்.

பழைய அடுக்குமாடியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம், அதன் கணக்குப் புத்தகங்கள். சங்கச் செயலாளரிடம் கேட்டோம், பல வருட வரவு செலவையும் பொதுக்குழுக் குறிப்புகளையும் காட்டினார். லிஃப்ட் எப்போது மாற்றப்பட்டது, மொட்டை மாடிக்கு எவ்வளவு செலவானது, கட்டணம் எந்த வேகத்தில் ஏறியது, யார் பாக்கி, கையிருப்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. பொதுக்குழுக் குறிப்புகளை வரி விடாமல் படிக்க வேண்டும் என்பேன். எந்தப் பிரச்சினை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் அந்தக் கட்டடத்தின் உண்மையான நோய். எங்கள் கட்டடத்தில் அது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் கசிவு. தெரிந்தேதான் வாங்கினோம், அதற்கான பங்கை விலையில் பேசிக் குறைத்தோம். புது இடத்தில் இப்படிப் பேசிக் குறைக்க முடியாது, ஏனென்றால் அங்கே என்ன பழுதாகப்போகிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

இதனால் பழையது எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய அடுக்குமாடி ஒன்றின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் அடியில் நீர்க்காப்பு கெட்டு, கான்கிரீட் சேதமாகியிருப்பதை 2018இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய பழுதுபார்ப்புக்குப் போதுமான சேம நிதி இல்லை, உரிமையாளர்களிடம் பணம் திரட்டுவதில் காலம் போனது. இடிந்ததற்கு அடுத்த வருடம், 2022இல், அந்த மாநிலம் சட்டத்தை மாற்றியது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய கட்டடங்கள் முக்கியப் பாகங்களுக்கான சேம நிதியைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும், ஓட்டுப் போட்டு அதைக் கைவிட முடியாது என்று அப்போது விதித்தார்கள். ஆக, கணக்கைக் காட்டத் தயங்கும் பழைய கட்டடத்தைவிட, கணக்கே இன்னும் தொடங்காத புதுக் கட்டடம் மேல். நல்ல கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய் தூண், உத்தரம், தொட்டி, மொட்டை மாடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லாமல் பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

மறுவிற்பனை பற்றிச் சுருக்கமாக. புதுக் குடியிருப்பில் கடைசிக் கட்டம் விற்றுத் தீரும்வரை உங்களுக்குப் போட்டி பில்டரேதான். அவரிடம் புத்தம் புது வீடு இருக்கும், தள்ளுபடி இருக்கும், விளம்பரப் பணமும் இருக்கும். வேலை மாறி இரண்டு மூன்று வருடத்தில் விற்க நேர்ந்தால் கஷ்டம். பத்து வருடம் கழித்து எந்த இடத்தின் மதிப்பு அதிகம் ஏறியிருக்கும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. நாங்கள் வாங்கிய வீட்டை விற்றுப் பார்த்ததில்லை, புது இடத்தில் வாழ்ந்து பார்த்ததும் இல்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு, பள்ளிப் பருவத்தை எட்டாத குழந்தைகள் இருப்பவர்களுக்குத் தராசு வேறு மாதிரி சாயலாம். பயணம் இல்லை என்றால் தூரம் பெரிய குறையில்லை. ஒரே வயதுக் குழந்தைகள் நிறைந்த இடத்தின் அருமையை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. அவர்கள் முதல் கட்ட வீடு ஒன்றில் மழைக்காலமும் சேர்ந்து வருகிற மாதிரி வாடகைக்கு இருந்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் சங்கம் அமைந்துவிட்டதா, பில்டர் பொது இடங்களின் வரைபடங்களையும் உத்தரவாதப் பத்திரங்களையும் சேம நிதியையும் ஒப்படைத்துவிட்டாரா, ஒப்படைத்த பிறகு கட்டணம் எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒப்படைப்பே நடக்கவில்லை, எப்போது என்று கேட்டாலும் தேதி சொல்ல ஆளில்லை என்றால் வாடகையிலேயே தொடருங்கள், வாங்காதீர்கள்.